ரெண்டு நாள் பார்ப்போம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் மீன்சுருட்டியிலிருந்து வந்த ஒன்றைப் படித்துவிட்டுக் கட்டோடு கட்டாக வைத்துவிட மனம் வரவில்லை. எழுதியவர் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஒரு வாசகி. எங்கள் தொடர்கதையைப் பற்றி இரண்டு வரி, கோலப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி. மீதி நாலு பக்கமும் அவர் வீட்டுப் பூனைதான்.

பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் வரவில்லை. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. மாமியார், “பூனைதானே, ரெண்டு நாள் பார்ப்போம், தானா சரியாயிடும்” என்றிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், காய்ச்சல் மாத்திரையில் கால்வாசியைப் பொடித்துப் பாலில் கலக்கச் சொல்லியிருக்கிறார். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் இவருக்கு வெட்கம். “மாடு கன்னு ஓட்டிக்கிட்டு வர்ற எடத்துல பூனையத் தூக்கிட்டுப் போயி நின்னா சிரிக்க மாட்டாங்களாங்க?” என்று எழுதியிருக்கிறார். நல்ல வேளை, மாத்திரை கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் துணிந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. பார்த்த டாக்டர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “ஏம்மா, முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே?”

சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது. வாசனை தெரியாததால் சாப்பிடவில்லை. ஊசியும் மருந்தும் போட்டு, வீட்டில் பக்குவம் பார்த்து, இப்போது தேறிவிட்டதாம். “வீட்டுல வெச்சு எப்படிப் பாத்துக்கணும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். நீங்க எழுதுங்க” என்று முடித்திருக்கிறார். எழுதுகிறேன்.

மீன்சுருட்டியைத் தெரியாதவர்களுக்கு: விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில், சேத்தியாத்தோப்புக்கும் அணைக்கரைக்கும் நடுவே வரும் ஊர். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் கொள்ளிடத்தை ஒட்டிய நெல் வயல். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் பூனையை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அது வந்து சேர்ந்துவிடும். அப்பாயிக்குத் தெரியாமல் பேரப்பிள்ளைகள் மீன் முள்ளைப் போட்டுப் பழக்குவார்கள். ஒரு மாதத்தில் அப்பாயி மடியிலேயே அது படுத்திருக்கும்.

இப்படி வந்து சேர்ந்ததால்தானோ என்னவோ, பூனைக்கு நம் கணக்கில் இடமே இல்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான கணக்கிலேயே இல்லை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் பறவைகள் நீங்கலாக 15 வகைப் பிராணிகளை எண்ணினார்கள். மாடு, எருமை, ஆடு, பன்றி உண்டு. தமிழ்நாட்டில் பலர் கண்ணாலேயே பார்த்திராத மிதுனும் யாக்கும் உண்டு. ஒட்டகம், கழுதை, முயல், நாய், யானை எல்லாம் உண்டு. பூனை இல்லை. வீடு வீடாக வந்து யானை இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்கம், அடுப்படித் திண்ணையில் படுத்திருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அதற்காகக் கால்நடை மருத்துவர்களுக்குப் பூனை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியாகட்டும், 2012-இல் ஒரத்தநாட்டில் வந்த கல்லூரியாகட்டும், ஐந்தரை ஆண்டுப் படிப்பில் பூனையும் உண்டு. கிராமத்து மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருக்கும் டாக்டரும் அதைப் படித்துவிட்டு வந்தவர்தான். அங்கே பூனை மருந்து கையிருப்பில் இல்லாமல் போகலாம். எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்லலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் பெரிய ஊருக்கு அனுப்பலாம். ஆனால் பார்க்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. போவதற்கு வழி இல்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றால் 1962 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. ஊர்தி பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் ஓடுகிறது. என்றாலும் கேட்பதில் தவறில்லை.

ஆகவே வெட்கத்தை முதலில் கழற்றி வையுங்கள் என்று அந்த வாசகிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் சொல்கிறேன். ஏனென்றால் “ரெண்டு நாள் பார்ப்போம்” என்பது மனுசருக்கு ஜலதோஷம் வந்தால் சரி. பூனையின் உடம்புக்கு அந்த இரண்டு நாள் மிகப் பெரிய நாள்.

நாம் ஏகாதசிக்கு ஒரு நாள், சஷ்டிக்கு ஆறு நாள் என்று பட்டினி கிடந்தால் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவு செய்துகொள்ளும். பூனையால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்க் குவியத் தொடங்கும். ஈரல் வேலை செய்யாமல் திணறும். காது மடலின் உள்பக்கமும் ஈறும் மஞ்சள் பூத்துவிடும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். “நல்லா குண்டா இருக்கு, ரெண்டு நாள் சாப்பிடலேன்னா தாங்கும்” என்ற கணக்கு இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது. முதலில் வந்த நோய் எதுவாக இருந்தாலும், பட்டினியே இரண்டாவது நோயாகிவிடும்.

கடுவனுக்கு இன்னொரு கண்டம் உண்டு. மணல் தட்டுக்கோ கொல்லைக்கோ போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒன்றும் வராது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். உண்மையில் பல சமயம் அடைத்திருப்பது சிறுநீர். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இதற்கு வீட்டு வைத்தியம் என்று எதுவும் கிடையாது. ராத்திரி பத்து மணி என்றாலும் டாக்டருக்குப் போன் போட வேண்டிய விஷயம் இது. குட்டிகளுக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தாலும், எந்த வயதுப் பூனையும் நாயைப் போல வாயைத் திறந்து மூச்சிரைத்தாலும் அப்படித்தான்.

எலி மருந்து சங்கதி வேறு மாதிரி. சம்பா அறுவடை சமயத்தில் வயலோரம் வைக்கும் மருந்துக் கட்டிகளில் புரோமடியோலோன் என்று ஒரு வகை உண்டு. ரத்தம் உறையாமல் செய்வது. அதைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். பூனைக்கு அப்படிப்பட்ட எலி சுலபமான இரை. அதைத் தின்ற பூனையும் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். அப்புறம்தான் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் கசியும், மூச்சு வாங்கும். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கவைக்கலாம், நேரத்தோடு போனால். மருந்து வைத்தவர் யார் என்று தெரிந்தால் அந்த அட்டைப் பெட்டியையோ கவரையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிவது டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரமம்தான். நாய் வலித்தால் முனகி வந்து காலடியில் படுக்கும். பூனை மறைந்துகொள்ளும். உர்ர்ர் என்று அது இழுப்பதை வைத்துச் சந்தோஷமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. வலியிலும் சாகும் தறுவாயிலும்கூட இழுக்கும். கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பூனையின் முகத்தில் ஐந்து இடத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சைபர், ஒன்று, இரண்டு என்று மார்க் போட வேண்டும். பத்துக்கு நாலு வந்தாலே வலி மருந்து தேவைப்படும் அளவு வலி இருக்கிறது என்று பொருள்.

அந்த ஐந்தையும் வீட்டிலேயே பார்க்கலாம். காது: நன்றாக இருக்கும் பூனையின் காது முன்னோக்கி நிமிர்ந்திருக்கும். வலியில் இரண்டு காதும் தட்டையாகிப் பக்கவாட்டில் திரும்பி, நடுவே இடைவெளி அகலமாகும். கண்: தூக்கத்தில் மூடுவது போலில்லாமல் வெயிலுக்குச் சுருக்குவது போல இடுக்கிக்கொண்டிருக்கும். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பலாக இருக்குமே, அது இறுகிச் சப்பையாகும். மீசை வளைந்து தொங்காமல் விறைத்து முன்னால் நீட்டிக்கொள்ளும். ஐந்தாவது தலை. தோளுக்கு மேலே இருக்க வேண்டிய தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, குடிக்காமல், தலையை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது யோசனையில் இல்லை.

இவற்றோடு இன்னும் இரண்டு அடையாளம். ஒன்று, ரோமம். நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்ட பூனையின் முதுகு ரோமம் திரி திரியாகப் பிரிந்து கலைந்து கிடக்கும். இன்னொன்று, தூங்கும்போது மூச்சு. விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் கைபேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் நெஞ்சிலோ நுரையீரலிலோ கோளாறு. மூக்கு காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அதை நம்ப வேண்டாம். அடுப்புப் பக்கம் படுத்து எழுந்த பூனைக்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

இப்போது அந்தக் கால் மாத்திரைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி அதுதான்.

பாரசிட்டமால் நம் வீட்டு மாத்திரை டப்பாவில் எப்போதும் இருப்பது. குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்கென்ன என்று தோன்றும். நம் ஈரல் அந்த மருந்தை ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டிப் பாதிப்பில்லாமல் வெளியேற்றிவிடும். அப்படிக் கட்டும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. மருந்து வேறு வழியில் உடைந்து, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, பிராண வாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். சில மணி நேரத்தில் ஈறு இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். ஒரு முழு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரையே நஞ்சாகலாம். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. மனிதர்கள் பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் கொடுப்பதும் அதைத்தான். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு.

ஈரலின் இந்தக் குறை பாரசிட்டமாலோடு நிற்பதில்லை. ஆஸ்பிரின், புரூஃபென், வலிக்குத் தடவும் தைலம், பினாயில், டெட்டால், கற்பூரம், எல்லாமே பூனைக்கு ஆகாதவை. மேலே தடவினால் என்ன, உள்ளே கொடுக்கவில்லையே என்று கேட்கலாம். பூனை தன் மேல் இருப்பதையெல்லாம் நக்கிவிடும். தடவுவதும் ஊட்டுவதும் ஒன்றுதான். உண்ணிக்காக மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் தேய்ப்பதும் அந்த வகை. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் என்று பெயர் போட்டிருந்தால், நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனையை நடுக்கத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய் விடும்.

செடி கொடி விஷயத்தில் பூனை தானே மூலிகை தேடித் தின்று சரியாக்கிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. புல்லைக் கடித்து வாந்தியெடுப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதில் புரண்டு கிறங்குவதும் உண்மைதான். அது போதைதான், வைத்தியம் இல்லை. நம் மாநிலப் பூவான செங்காந்தளை, கண்வலிக் கிழங்கு என்று சொல்வோமே, அதைக் கொல்லையில் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை. அதிலுள்ள கோல்சிசின் பூனைக்கும் நஞ்சு, நமக்கும் நஞ்சு. பூச்சாடியில் வைக்கக் கடையில் விற்கும் லில்லிப் பூ இன்னும் மோசம். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

அப்படியானால் வீட்டில் நாம் செய்வதற்கு என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது, அதில் முக்கால்வாசி சாப்பாடு.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை எட்டினால்தான் வாய் திறக்கும். கோழிக்கறியை எலும்பில்லாமல், உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, கையால் தொட்டால் இதமான சூட்டில் வையுங்கள். ஆறிப்போன சாப்பாட்டில் வாசனை எழாது. வெங்காயமும் பூண்டும் ருசிக்காக விலக்கச் சொல்லவில்லை; அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மீன் குழம்புச் சோறு கொடுத்து வளர்த்தவர்கள் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள், தெரியும். குழம்பில் போடும் முன் ஒரு துண்டு மீனைத் தனியாக எடுத்து வேகவைத்துவிட்டால் தீர்ந்தது. வேகவைப்பது முக்கியம். கெண்டை மாதிரிச் சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. நாள்தோறும் பச்சையாகவே தின்றால் பூனைக்குத் தலை தொங்கி வலிப்பு வரும். வெந்தால் அந்த நொதி செத்துவிடும்.

பால்? தெனாலிராமன் பூனைக்குக் கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்துப் பயமுறுத்திய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பூனை என்றாலே பால் கிண்ணம்தான் ஞாபகம் வரும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. நன்றாக இருக்கும்போது கொஞ்சம் குடித்தால் போகட்டும். பேதியில் கிடக்கும் பூனைக்குப் பால் வைப்பது பேதியை வளர்ப்பது. தயிர்ச் சோற்றுக்கும் இதே பதில், கூடவே இன்னொன்று. பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின் என்ற சத்து வேண்டும், அது இறைச்சியில்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் பார்வை போகும் என்று 1975-இலும், இதயம் பலூன் மாதிரி விரிந்து பலமிழக்கும் என்று 1987-இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சைவ வீட்டில் வளரும் பூனை பல காலம் பிழைத்துக் கிடப்பது, அது எலியும் ஓணானும் பிடித்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதால்தான். வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்துத் தயிர்ச் சோறு போட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

தானாகச் சாப்பிடாவிட்டால் சிரிஞ்சில் ஊட்டலாம், டாக்டர் சரி என்றால். ஊசியைக் கழற்றிவிட்ட 5 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும். வெந்த கறியை மிக்சியில் வெந்நீர் விட்டுக் கஞ்சிப் பதத்தில் அடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பூனையை ஒரு துண்டில் சுற்றி, முன்னங்கால்கள் உள்ளே இருக்கும்படி, உங்களுக்கு முதுகைக் காட்டி மடியில் வையுங்கள். தலையை மேலே தூக்காதீர்கள். சிரிஞ்ச் நுனியைக் கடைவாய்ப் பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் நுழைத்து, அரை மில்லி, ஒரு மில்லி விட்டு நிறுத்துங்கள். விழுங்கும். நாக்கு ஒரு முறை வெளியே வந்து போகும். அதற்குப் பிறகுதான் அடுத்த துளி. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும், பசி போக்கப் போய் நிமோனியா வந்து சேரும். நாலு கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவை. ஒரே வேளையில் அவ்வளவும் இறங்காது. கைக்குழந்தைக்குப் போல ஆறேழு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். திமிறினால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். கட்டாயப்படுத்தி ஊட்டிய சாப்பாட்டை அது வாழ்நாள் முழுக்க வெறுத்துவிடுவதும் உண்டு.

மாத்திரை கொடுக்கும்போது ஒரு விஷயம் டாக்டர்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். மாத்திரை போட்ட கையோடு ஐந்து ஆறு மில்லி தண்ணீரோ ஒரு வாய் உணவோ உள்ளே போக வேண்டும். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சளிக்கு அடிக்கடி எழுதும் டாக்சிசைக்ளின் அப்படி நின்றால் குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். கண்ணும் மூக்கும் பீளை கட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், கண்ணுக்குக் கண் பஞ்சை மாற்றி. குளிக்கும் அறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் பூனையைப் பத்து நிமிஷம் வைத்திருந்தாலும் மூக்கு இளகும். அண்டாவில் கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பிடித்து ஆவி காட்ட வேண்டாம். தைலம் கலக்கவும் வேண்டாம்.

டாக்டரிடம் கொண்டுபோவதுதான் பல பேருக்கு மலைப்பு. வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு லாரி ஹார்ன் போதும், பாய்ந்து ஓடிவிடும். மீன்சுருட்டி நெடுஞ்சாலையில் ஹார்னுக்குப் பஞ்சமில்லை. காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் நல்ல கூண்டு. உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் பழைய புடவையைப் போடுங்கள். மேலே ஒரு துண்டு மூடி இருட்டாக்கினால் பாதிக் கத்தல் நின்றுவிடும். கோணிச் சாக்கில் கட்டிப் போவது பழைய பழக்கம், மூச்சுத் திணறும் பூனைக்கு அது எமன்.

பிடிக்கும்போது கடித்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனைக் கடியாலும் வரும். தடுப்பூசி அங்கே இலவசம். நன்றாகப் பழகிய பூனை காரணமில்லாமல் சீறிப் பாய்ந்தாலோ, எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் தவித்தாலோ, முள் சிக்கியிருக்கும் என்று வாயைத் திறந்து பார்க்க வேண்டாம். ஓர் அறையில் அடைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மலத் தட்டு சுத்தம் செய்யும் வேலை இன்னொருவருடையதாக இருக்கட்டும். பூனையைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை.

வாந்தி பேதியில் ஒரு குட்டி செத்துப்போன வீட்டில், துக்கம் ஆற்ற உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள் பிள்ளைகள். அந்த நோய் பெரும்பாலும் பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ். தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். பினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலில்தான் சாகும், அதையும் பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் புதிதாக வரும் குட்டியை விடாது. தடுப்பூசி போட்ட பூனைதான் அந்த வீட்டுக்குள் வரலாம். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பதினாறு வாரம் வரை, வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

இங்கேதான் மீன்சுருட்டி வாசகி கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “பூனைக்குத் தடுப்பூசி எங்கங்க கெடைக்கும்?” என்று கேட்டிருக்கிறார். வெறிநோய் ஊசி கிடைத்துவிடும். சளிக்கும் பார்வோவுக்குமான கூட்டு ஊசியைச் சின்ன ஊர்களில் இருப்பு வைப்பது அபூர்வம். குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டிய மருந்து. கேட்பவர் இல்லையென்றால் வாங்கி வைப்பவரும் இல்லை. ஒரு தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் வரவழைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் பக்கத்து வாசகர்கள், உங்கள் ஊரில் பூனைக்கு இந்த ஊசி போடும் இடம் தெரிந்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். என்ன விலை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற இதழில் ஊர் வாரியாகப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்